உயர்த்திய கை

குதிரையைப் பற்றி நான் எழுதப் புகுவது என்னை அறிந்தவர்களுக்கு வியப்பாக இருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்த காலத்தில், பரி, புரவி, மா, இவுளி என்று குதிரைக்குரிய பெயர்களை அடுக்கிச் சொல்லி மாணாக்கரை மனனஞ் செய்வித்தவன் நான். ஆயினும், அந்த விலங்கின் அருகே ஒரு முறையேனும் சென்று நின்றதில்லை. நிகண்டில் வாழும் குதிரைக்கும் வீதியில் நடக்கும் குதிரைக்கும் உள்ள தூரத்தை எனக்குக் கற்பித்தது நுவரெலியாவில் நடந்த ஒரு சம்பவம். அதில் என் பங்கும் உண்டு. ஆதலின், பிறருக்குப் புத்தி சொல்லுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுதல் முறையாகும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், சித்திரைப் புத்தாண்டை அடுத்த நாட்களில், நண்பரொருவரின் மகளுடைய திருமணத்துக்காக அங்கு சென்றிருந்தேன். அப்பருவத்தில் நுவரெலியா எப்படியிருக்கும் என்பதைக் கண்டவர்கள் அறிவர். குதிரைப் பந்தயம், மோட்டார்ப் போட்டி, மலர்க் காட்சி என்று நாடு முழுவதுமே மலையேறி வந்துவிட்டதுபோன்ற சனக்கூட்டம். கிரகரி வாவியை அண்டிய வீதியில் வாகனங்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. முகூர்த்தத்துக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருவாறு நெரிசலைக் கடந்து, வீதி சற்று வெறிச்சோடிய இடத்தை அடைந்ததும் எங்கள் வான் வேகமெடுத்தது. முன்னே, வீதியின் இடப்பக்கத்தில், ஒரு குதிரை நடந்துகொண்டிருந்தது. அதன்மீது ஒன்பது பத்து வயதுடைய சிறுமி ஒருத்தி. தலையில் கவசம் எதுவுமில்லை. கயிற்றைப் பிடித்தபடி ஓர் இளைஞன் கூட நடந்தான். எங்கள் வண்டியின் ஓசை கேட்டுத் திரும்பிய அவன், தன் வலக்கையை உயர்த்தினான்.

அந்தக் கையை நான் நன்றாகவே கண்டேன். எங்களை மறித்துச் சவாரிக்கு அழைக்கிறான் போலும் என்று எண்ணினேன். "தம்பி, நிற்பாட்ட வேண்டாம். ஹோர்னை அடிச்சுக்கொண்டு போங்கோ" என்று சாரதியிடம் சொன்னவன் நானேதான். அவர் அடித்தார்.

குதிரை திடீரென்று திரும்பி வீதியின் நடுவே பாய்ந்தது. மழையில் நனைந்திருந்த தாரில் அதன் லாடம் வழுக்கிற்று. சிறுமி புல்லின்மேல் விழுந்தாள். நல்வினைப் பயனாக அவளுக்குச் சிராய்ப்புக்கு மேல் எதுவும் இல்லை. கயிற்றை விடாது பற்றியிருந்த இளைஞனைக் குதிரை சில அடி தூரம் இழுத்துச் சென்றது. அவனுடைய மணிக்கட்டு முறிந்தது. எங்கள் வான் ஒரு முழ இடைவெளியில் நின்றது. அவனை வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்ற வழியெல்லாம் அவன் எங்களை ஒரு சொல்லும் ஏசவில்லை. "நான் கை காட்டினேனே, சேர்" என்று மட்டும் இரண்டு முறை சொன்னான். அந்தச் சித்திரை மாதத்து உழைப்பே தன் குடும்பத்துக்கு ஆண்டின் பெரும்பகுதிக்கான கைமுதல் என்பதையும், நான் கேட்ட பின்னரே சொன்னான். என்னால் இயன்ற பணத்தைக் கொடுத்தேன். பணத்தினால் தீர்ந்த கடனாக அதனை நான் கருதவில்லை.

வீடு திரும்பிய பின், அவன் காட்டிய கையின் பொருளைத் தேடிப் படிக்கலானேன்.

மோட்டார் வண்டி தோன்றுவதற்கு முன்பே, நீராவியினால் இயங்கும் இழுவை எந்திரங்கள் இங்கிலாந்தின் வீதிகளில் ஓடத் தொடங்கிவிட்டன. அவற்றைக் கட்டுப்படுத்துவதற்காக 1865 ஆம் ஆண்டு அந்நாட்டுப் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைல், ஊர்களுக்குள் 2 மைல் என்பதே எந்திரத்துக்குரிய உச்ச வேகம். அதற்கு 60 யார் முன்னதாக ஒருவன் செங்கொடி பிடித்து நடக்கவும் வேண்டும். முன்னேற்றத்தின் காலிலே விலங்கு பூட்டிய மூடச் சட்டம் என்று பலரும் எள்ளி நகையாடிய சட்டம் இது. வகுப்பிலே நானும் அவ்வாறே சொல்லிச் சிரித்ததுண்டு. கொடி பிடிக்கும் கட்டாயம் 1878 இல் நீங்கியது. இலேசான மோட்டார் வண்டிகள் 1896 இல் அத்தளைகளினின்று முற்றாக விடுபட்டன. அவ்வாண்டு நவம்பர் 14 ஆம் திகதி, விடுதலை பெற்ற களிப்பில் மோட்டார்காரர்கள் இலண்டனிலிருந்து பிறைற்றனுக்கு அணிவகுத்து ஓடினார்கள்.

ஆனால், நாம் சிரித்துக் கழித்த அச்சட்டத்தினுள்ளே வேறொரு விதியும் இருந்தது. குதிரையோடு வருபவர் எவராயினும் தம் கையை உயர்த்திக் காட்டினால், எந்திரம் அக்கணமே நிறுத்தப்பட வேண்டும் என்பது அது. வீதியில் எந்திரத்தின் ஊதலை ஒலிக்கலாகாது என்றும், முன்னே நடப்பவன் எதிர்ப்படும் குதிரைகள் கடந்துசெல்ல உதவ வேண்டும் என்றும் அதிலே கூறப்பட்டிருந்தது. கொடியை எண்ணிச் சிரித்த நாம் கையை மறந்துவிட்டோம். நுவரெலியா இளைஞன் அச்சட்டத்தைப் படித்தவனல்லன். ஆயினும் அவனுடைய கை அந்தப் பழைய மொழியையே பேசியது. படித்தவன் என்று பெயர் பெற்ற எனக்குத்தான் அதனை வாசிக்கத் தெரியவில்லை.

குதிரை ஏன் அவ்வாறு மிரள வேண்டும்? அதனைப் பிடிவாதமென்றும் முரட்டுத்தனமென்றும் நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். புல்வெளியில் வாழ்ந்து, வேட்டை விலங்குகளுக்கு இரையாகி வந்த இனம் அது. கொம்பில்லை, கூரிய நகமில்லை, ஓட்டமே அதற்குள்ள காப்பு. ஓடிய பின்னரே அது ஆராயும். ஆராய்ந்த பின் ஓட நினைத்த குதிரைகள் பிழைத்திருக்கமாட்டா. அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், திரும்பாமலே தன்னைச் சுற்றிப் பெரும்பகுதியைக் காணவல்லது. ஆனால் நேர் பின்புறமும், நெற்றிக்கு மிக அண்மையான முன்புறமும் அதற்குக் குருட்டிடங்கள். காது நம்மிலும் கூர்மையானது. அப்படிப்பட்ட விலங்கின் பின்னாலிருந்து, காணமுடியாத இடத்திலே, ஒரு பெருஞ்சத்தம் திடீரென்று எழுந்தால் அது என் செய்யும்? ஹோர்ன் ஒலி நமக்கு 'விலகு' என்ற சொல். குதிரைக்கோ அது சொல்லன்று. பாய்ந்து வரும் ஆபத்தின் குரல். நானூறு ஐந்நூறு கிலோ நிறையுள்ள உடம்பொன்று அஞ்சி ஓடத் தொடங்கிய பின், அதன்மீதிருக்கும் குழந்தையின் கடிவாளமும் பக்கத்தில் நடப்பவனின் கயிறும் அதனை எவ்வளவு தூரம் தடுத்துவிடும்?

எந்திரங்களை முதலில் வீதிக்குக் கொண்டுவந்த நாடுகளுள் ஒன்றாகிய பிரித்தானியா, இப்பிரச்சினையை இன்றும் மறந்துவிடவில்லை. 1931 இல் முதன்முதலாக வெளிவந்த அந்நாட்டு வீதி ஒழுங்குக் கைந்நூல் காலந்தோறும் திருத்தப்பட்டு வருகிறது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், குதிரையைக் கடந்து செல்லும் சாரதிக்குத் தெளிவான அளவுகளைச் சொல்கிறது. வேகம் மணிக்கு 10 மைலுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும். நம் கணக்கில் 16 கிலோமீற்றர். இடைவெளி குறைந்தது 2 மீற்றர் இருத்தல் வேண்டும். ஹோர்ன் அடித்தல், எந்திரத்தை உறுமச் செய்தல், சேற்று நீரை வாரி இறைத்தல் ஆகியன கூடா. குதிரைமேல் வருபவர் மெதுவாகச் செல்லுமாறோ நிற்குமாறோ சைகை செய்தால் அதற்கு இணங்குதல் வேண்டும். பெருந்தீங்கு விளைக்க வல்லவருக்கே பெரும் பொறுப்பு உண்டு என்பது அத்திருத்தத்தின் அடிப்படைக் கொள்கை. லொறிக்காரர் காருக்கும், கார்காரர் துவிச்சக்கர வண்டிக்கும் குதிரைக்கும், அவர்களெல்லாரும் கால்நடையாய்ச் செல்பவருக்கும் பொறுப்புடையவர்கள் ஆகின்றனர்.

இதனாற் குதிரைக்காரர்கள் வீதியின் அரசர்களாகிவிட்டனர் என்று எவரும் கருதவேண்டாம். அவர்களுடைய கடமைகளையும் அக்கைந்நூல் விரிவாகவே பேசுகிறது. வீதியின் இடப்பக்கமாகவே செல்லவேண்டும். இருவருக்கு மேல் அருகருகே செல்லலாகாது. ஒடுங்கிய வீதியிலும், நெருக்கடியிலும், வளைவிலும் ஒருவர் பின் ஒருவராகச் செல்ல வேண்டும். கால்கள் இரண்டும் அங்கவடியில் இருத்தல் வேண்டும். சைகை காட்டும் நேரந்தவிர இரு கைகளும் கடிவாள வாரில் இருத்தல் வேண்டும். தூரத்திலேயே கண்ணிற் படும் ஒளிர்நிற உடை தரித்தல் நன்று. நடப்போருக்குரிய நடைபாதையில் குதிரையை ஏற்றுதல் கூடாது. சுற்றுவட்டங்களை இயன்றவரை தவிர்த்தல் வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வீதியிற் குதிரை ஏறும்போது தலைக்கவசம் அணிய வேண்டுமென்பதை 1990 ஆம் ஆண்டுச் சட்டமொன்று கட்டாயமாக்கியது. 1947 இல் தோன்றிய பிரித்தானியக் குதிரைச் சங்கம், வீதியிற் சவாரி செய்வோருக்குப் பயிற்சியளிப்பதையும், சாரதிகளின் கவனத்தை இவ்விடயத்தில் ஈர்ப்பதையும் தன் பணிகளாகக் கொண்டிருக்கிறது.

இவையெல்லாம் பாதுகாப்பைப் பற்றிய விதிகள். இவற்றோடு பண்பும் கலந்திருக்கிறது. வேகத்தைக் குறைத்து வழிவிட்ட சாரதிக்குச் சவாரி செய்பவர் கையை உயர்த்தியோ, கடிவாளத்தை விட இயலாதபோது தலையை அசைத்தோ நன்றி தெரிவிப்பது அங்கே நல்ல சவாரிக்காரரின் வழக்கம். இது வெறும் உபசாரமன்று. இன்று நன்றி பெற்ற சாரதி நாளையும் மெதுவாகச் செல்வார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் சவாரிக்காரர், தமக்குப் பின்னால் வரப்போகும் இன்னொருவரின் பாதுகாப்பைக் குறைத்துவிடுகிறார். மரியாதை என்பது வீதியிலே கைமாறிச் செல்லும் நாணயம் போன்றது. கொடுத்தவரிடமே அது திரும்பி வருமென்பதில்லை; யாரோ ஒருவருக்கு அது போய்ச் சேர்ந்துவிடும்.

இக்கருத்துக்களை ஆசிரிய நண்பர்கள் சிலரிடம் சொன்னபோது மூன்று தடைகள் எழுந்தன. மூன்றும் எளிதில் ஒதுக்கத்தக்கனவல்ல.

முதலாவது: "நம் நாட்டில் குதிரை எத்தனை பேரிடம் இருக்கிறது? நுவரெலியாவில் உல்லாசப் பயணிகள் ஏறும் சில குதிரைகளுக்காகவும், நெடுந்தீவிலே கட்டாக்காலியாய்த் திரியும் குதிரைகளுக்காகவும் ஒரு கட்டுரையா?" குதிரைகள் குறைவு என்பது உண்மையே. ஆனால் அக்குறைவே ஆபத்துக்கு ஒரு காரணம். நாள்தோறும் நூறு குதிரைகளைக் காணும் சாரதிக்கு அவற்றின் இயல்பு பழகிவிடும். ஆண்டுக்கொரு முறை காண்பவருக்கு எழுதிய விதியோ கேட்ட பாடமோ வேண்டும். அன்றியும், குதிரையைக் கண்டு நிதானிக்கப் பழகியவர், மாட்டுவண்டியைக் கண்டும், ஆட்டு மந்தையைக் கண்டும், பெரஹராவுக்கு நடந்துசெல்லும் யானையைக் கண்டும் நிதானிப்பார்.

இரண்டாவது: "வீதி வாகனங்களுக்காக அமைந்தது. வரி செலுத்துபவர் வாகனக்காரர். விலங்குக்கு வயல் இருக்கிறது." இது பலர் வாயிலும் வருகின்ற வாதம். வீதிக்கு யார் முதலில் வந்தார் என்ற வழக்கிலே நான் இறங்கப்போவதில்லை. இறங்கினால் குதிரையும் எருதுமே வெல்லும். நான் கேட்பது வேறு. வீதியில் இருவர் சந்திக்கும்போது, ஒருவருக்கு நடப்பது இன்னதென்று விளங்கும், மற்றதற்கு விளங்காது. ஒருவர் காலைச் சிறிது அழுத்தினால் வண்டி நிற்கும். மற்றது தன் அச்சத்தைத் தானே நிறுத்திக்கொள்ள இயலாதது. இந்நிலையில் விட்டுக்கொடுக்க வேண்டியவர் எவர்? வரிச்சீட்டு இக்கேள்விக்கு விடை தருமா?

மூன்றாவது தடையே வலியது: "குதிரைக்காரர்களும் குற்றமற்றவர்களல்லர். பயிற்சியில்லாத பிள்ளையை ஏற்றி, கவசமுமின்றி, நெருக்கடியான வீதிக்குக் கொண்டுவருபவர் யார்? சாணத்தை வீதியில் விட்டுச் செல்பவர் யார்? குதிரை களைத்ததா, மிரளும் இயல்புடையதா என்று பாராமல் காசுக்காக நாள் முழுவதும் நடத்துபவர் யார்?" இதனை நான் முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். நான் கண்ட சிறுமிக்குத் தலைக்கவசம் இல்லை என்பதை முன்னரே சொன்னேன். அவள் புல்லில் விழாமல் தாரில் விழுந்திருந்தால் இக்கட்டுரையை எழுதும் துணிவு எனக்கு வந்திராது. அவர்கள் பிழை அவர்களுடையது. அதனைத் திருத்தத்தான் வேண்டும். ஆயினும் அவர்களின் பிழை என் ஹோர்ன் ஒலியை நியாயமாக்கிவிடாது. கவசமில்லாத பிள்ளை ஒன்று முன்னே செல்கிறது என்பதைக் கண்டவன் இன்னும் மெதுவாகச் சென்றிருக்க வேண்டும், விரைந்திருக்கக் கூடாது.

இவ்விடத்தில், நம்மவர் எல்லோரும் அறிந்த பழங்கதையொன்று நினைவுக்கு வருகிறது. திருவாரூர் வீதியில் சோழ இளவரசனின் தேர்ச் சக்கரத்தில் பசுவின் கன்று அகப்பட்டு இறந்ததையும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததையும் பெரியபுராணத்திலே படித்திருக்கிறோம். ஏறத்தாழ அதே கதையை மகாவம்சம், அநுராதபுரத்தில் அரசிருந்த எல்லாளனைப் பற்றிச் சொல்கிறது. அங்கே இளவரசன் திசா வாவிக்குத் தேரேறிச் சென்ற வழியில் கன்று இறக்கிறது. தமிழர் போற்றும் நூலும் சிங்களர் போற்றும் நூலும் இக்கதையில் ஒன்றுபட்டிருப்பதை நாம் பெருமையோடு மேடைகளில் எடுத்துரைக்கிறோம். ஆனால் இது வீதி விபத்தொன்றின் கதை என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா? இளவரசன் வேண்டுமென்று கன்றைக் கொன்றவனல்லன். கன்று தானாகவே துள்ளி வந்து தேர்க்காலிற் புகுந்தது என்றே பெரியபுராணமும் கூறுகிறது. அமைச்சர்கள் பரிகாரம் சொன்னார்கள். 'கன்று ஏன் வீதிக்கு வந்தது?' என்ற கேள்வியால் மட்டும் அரசன் தப்பிக்க முயலவில்லை. அவன் விதித்த தண்டனையை இன்று எவரும் வேண்டப்போவதில்லை. தேரிலே செல்பவன் கன்றுக்கும் பொறுப்பாளி என்ற எண்ணமே நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது. மனுநீதியைப் பரீட்சைக்குப் படிப்பித்து, மாலையிலே ஹோர்ன் அடித்துக்கொண்டு வீடு திரும்பிய ஆசிரியர்களில் நானும் ஒருவன்.

ஆகவே சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். குதிரைகளை வாடகைக்கு விடுவோர், ஏறும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தலைக்கவசம் கொடுக்க வேண்டும். அதனைச் செலவென்று கருதுவாராயின், பெற்றோர் அக்குதிரையில் பிள்ளையை ஏற்ற மறுக்க வேண்டும். மழை பெய்து தார் வழுக்கும் நேரத்திலும், இருள் சூழும் வேளையிலும் குதிரையை வீதிக்குக் கொண்டுவராதிருத்தல் நன்று. வாவிக் கரையிலும் பந்தயத் திடலை அண்டியும் சவாரிக்கென்று மண்பாதை வகுக்கவும், குதிரைகள் வீதியைக் குறுக்கிடும் இடங்களிற் பலகை நாட்டவும் நகரத்தை ஆள்வோர் முன்வர வேண்டும். சாரதிகளிடம் கேட்பது மிகச் சிறிது: ஹோர்னிலிருந்து கையை எடுங்கள், வேகத்தைக் குறையுங்கள், இடம் விட்டுக் கடந்து செல்லுங்கள், கை உயர்ந்தால் நில்லுங்கள். இதனாற் போகக்கூடியது அரை நிமிடம்.

ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. வீதி ஒழுங்கு என்ற பாடத்தில் மஞ்சட் கோட்டையும் சிவப்பு விளக்கையும் கற்பிக்கிறோம். பேசத் தெரியாத ஓர் உயிர் வீதியில் வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதனோடு சேர்த்துச் சொல்லிவைப்போமாக. பிள்ளைகள் வாகனத்தின் பின்னாசனத்தில் இருந்து தந்தையைத் திருத்தும் ஆற்றல் உடையவர்கள். அந்த வானிலே ஒரு பிள்ளை இருந்து, "மாமா, அந்த அண்ணா கை காட்டுறார், நில்லுங்கோ" என்று சொல்லியிருந்தால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன்.

சென்ற ஆடியில் மீண்டும் நுவரெலியாவுக்குச் சென்றேன். அதே வீதி, ஆனால் பருவம் முடிந்து வெறிச்சோடியிருந்தது. அந்த இளைஞனைத் தேடினேன், காணவில்லை. வேறொருவன் ஒரு பழுப்புக் குதிரையை நடத்தி வந்தான். அதன்மேல் எவரும் இல்லை. அவன் கையை உயர்த்துமுன்பே எங்கள் சாரதியை நிறுத்தச் சொன்னேன். குதிரை காதுகளை எங்கள் பக்கம் திருப்பிப் பார்த்தது. பின்னர் அமைதியாக நடந்து சென்றது. அவன் தலையசைத்துவிட்டுப் போனான். "ஏன் மாஸ்டர், அவன் ஒண்டும் கேட்கேல்லையே?" என்றார் சாரதி. அவருக்கு நான் இக்கதையைச் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் நானுஓயாவை அடைந்துவிட்டோம்.